பதினான்காம் கேள்வி

எழுபத்தேழில் லிந்துலையிலிருந்து வந்தவள் மருதாயி.
கப்பல்துறையில் நாற்பத்தேழு வருஷம்.
காணி உறுதி: இல்லை.
கிணறு: பக்கத்து வளவில்.
நாட்கூலியைச் சொல்லும்போது மட்டும்
குரலைத் தாழ்த்திக்கொண்டாள்,
கோழிகளுக்கும் கேட்டுவிடக் கூடாதென்பதுபோல.
கடைக்காரனுக்கு இன்னும் அவள்
'தோட்டத்து ஆள்'.

குச்சவெளி வாடியில் ரெஜினோல்ட்.
பங்குனியில் வருவார், ஐப்பசியில் நீர்கொழும்பு.
எஞ்சின் மூன்று, ஐஸ் லொறி ஒன்று.
மூத்தவளின் கல்யாணக் கடன்
லொறியைவிடப் பெரிசு என்று சிரித்தார்.
அவர் எல்லாருக்கும் 'முதலாளி'.

நீங்கள் குடியேறியவரா?
அவர், 'சீசனுக்கு' என்றார்.
அவள், 'யாருங்க அப்படிச் சொன்னது?'

இரண்டு படிவமும் மடியில்.
அவர் தந்த பாரை மீன் பை ஒழுகுகிறது.
உப்புவெளி தாண்டியும்
என் பக்கத்துச் சீட்டில்
யாரும் உட்காரவில்லை.