எழுபத்தோரு கிலோ மணல்

ஷார்ஜா, பத்தாம் நம்பர் இண்டஸ்ட்ரியல் ஏரியா.
முகம் நசுங்கிய பழைய சிவப்பு மாஸ்டாவின்
வயிற்றுக்குள் கைவிட்டுப் பார்த்தேன்.
"ஓட்டியவன்?"
"பிழைத்தான். இப்போது பேட்ரோல் ஓட்டுகிறான்"
என்றார் குல் ஜமான்,
இரண்டாயிரத்து இருநூறு திர்ஹத்திலிருந்து
இறங்கமாட்டேன் என்ற முகத்தோடு.

பிஸ்டன் கிடையாது இதில்.
வால்வு கிடையாது.
மேலும் கீழும் முட்டிக்கொள்ள எதுவும் கிடையாது.
இடை சிறுத்த கூட்டுக்குள்
கன்னம் உப்பிய முக்கோணங்கள் இரண்டு
சுவரைத் தடவித் தடவிச் சுற்றும்.
ஒரு கன்னம் உறிஞ்சும்போதே
இன்னொன்று எரியும்
மற்றொன்று துப்பும்.
முனைக்கு ஒரு சீல்,
இரண்டு மில்லிமீட்டர் தடிமன்.
அதை நம்பித்தான் மொத்தமும்.

ஹுமைத் சாரிடம் விமானம் இருந்தது.
பெட்டிகளில் வந்து, அவரே பூட்டியது.
உம் அல் குவைன் ஓடுதளத்துக் கொட்டகையில்
மூக்கில்லாமல் மூன்று வருடம்.
விமான எஞ்சினின் விலையைச் சொன்னபோது
அவர் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.
என்ன கேள்வி என்று அவர் சொல்லவில்லை.

நான் லேத்தில் வெட்டியது ஓர் அலுமினியத் தட்டு.
ஒருபுறத் துளைகள் காருக்கு,
மறுபுறத் துளைகள் கியர்ப்பெட்டிக்கு.
எஞ்சின் ஏழாயிரம் சுற்றுகிறது;
புரொப்பல்லர் அதைத் தாங்காது.
நடுவில் நின்று குறைத்துக் கொடுக்க வேண்டும்,
அர்பாப் கத்தியதை
மெதுவாக மொழிபெயர்க்கும் ஆளைப்போல.
மூன்று தட்டு வீண்.
நான்காவதில் பிழை, மில்லிமீட்டரில் நூறில் இரண்டு.
எல்லாம் வெள்ளிக்கிழமைகளில்.
ஓவர்டைம் கிடையாது. மந்தி உண்டு.

ஆகஸ்டில் தரையில் ஓட்டினோம். நாற்பத்தாறு டிகிரி.
புகைக்குழாய் சிவந்து ஆரஞ்சானது,
கொட்டகைப் பூனை ஓடிப்போய் திரும்பவே இல்லை.
தண்ணீர் கொதித்தது.
ரேடியேட்டரை இடம் மாற்றினோம், கொதித்தது.
இன்னொன்று வைத்தோம்,
அதுவும்.
"காற்று உள்ளே வரத்தான் வருகிறது,
போக வழி எங்கே?" என்றார் ரெனாட்டோ,
மணிலாவில் பஸ் ஏசி பார்த்தவர்.
அடியில் ஒரு சாண் அகலம் வெட்டினோம்.
அதற்குப் பிறகு கொதிக்கவில்லை.

நவம்பரில் பறந்தது.
இருமவில்லை, தடதடக்கவில்லை;
நீளத் துணியை யாரோ
ஒரே இழுப்பில் கிழித்துக்கொண்டே போவதுபோல ஒரு சத்தம்.
இரண்டாவது இருக்கை எனக்கென்று சொல்லியிருந்தார்.
பழைய இரும்புக் கடைத் தராசில் என்னை நிறுத்தினார்கள்.
எழுபத்தொன்று.
நான் ஏறவில்லை.
எழுபத்தோரு கிலோ மணலை மூட்டை கட்டி
பெல்ட் போட்டு உட்காரவைத்தார்.
பதினாறு முறை அலையாத்திக் காட்டின்மேல்
என் எடை பறந்துவந்தது.

பதினேழாவதில்
ரேடியோவில் அவர் குரல்:
"ஏதோ குறைந்துவிட்டது."
தலைக்கு மேலே
கிழிகிற துணியில் முடிச்சு முடிச்சாகத் தட்டியது.

சீல் ஒன்று உடைந்திருந்தது. பிறகுதான் தெரியும்.
உடைந்ததைப் புகைக்குழாய் வழியே துப்பிவிட்டு,
மூன்று கன்னங்களில் இரண்டு செத்து
ஒன்றுமட்டும் எரிந்துகொண்டிருக்க,
பக்கத்து முக்கோணம் முழுதாய்ச் சுற்ற,
நொண்டியது.
நிற்கவில்லை.
கடல் மேலிருந்து பன்னிரண்டு நிமிடம்.

சக்கரம் தரை தொட்டு நின்றதும் ஓடினேன்.
அவரைப் பார்க்க என்றுதான் ஓடினேன்.
ஆனால் மூடியைத் திறந்து
முதலில் டார்ச் அடித்தது என் தட்டின் மேல்.
விரிசல் இல்லை.
அதன்பிறகே "சார், நலமா?" என்றேன்.
அவர் கவனித்திருப்பார். சிரித்தார்.

ஆறு சீலும் புதிதாகப் போட்டோம்.
கீறிய கூட்டுக்குப் பதிலாக வேறொன்று,
குல் ஜமானிடமே, ஐந்நூறு திர்ஹத்.
ஜனவரியில் ஒரு காலை
ஹுமைத் சார் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தபோது
மணல் மூட்டையை இறக்கி வைத்தேன்.
ஒன்றும் பேசாமல் தராசைக் காட்டினார்.

எழுபத்து நான்கு.
மந்தி.