இடக்கை பையில் இருக்கட்டும்

லார்ன் வில்லட் அதற்கு விலை சொல்லவில்லை.
படகுக் கொட்டகையிலிருந்து நீயே தூக்கிப் போவதென்றால்
எடுத்துக்கொள் என்றான்.
முப்பது கிலோ அலைகாட்டி.
அஸ்டோரியாவில் தெருவெல்லாம் ஆற்றைப் பார்த்துச் சரியும்.
ஏறி வரும்போது இரண்டு முறை இறக்கி வைத்தேன்,
இரண்டு முறையும் மழையில்.

நீலம் மங்கிய தகரத்தைக் கழற்றியதும்
புகையிலை நாற்றம்.
யாரோ இதன் முன்னே உட்கார்ந்து
இருபது வருடம் சிகரெட் பிடித்திருக்கிறார்.
இந்தப் பழுப்பு எனக்குத் தெரியும்.
தினம் எட்டு வாய்களில் இதைத்தான் சுரண்டுகிறேன்,
நாற்காலியைச் சாய்த்து, விளக்கைத் தாழ்த்தி,
இன்னும் கொஞ்சம் பெரிதாகத் திறங்க, என்று.

இது சொல்லாமலே திறந்து கிடந்தது.
பீங்கான் பட்டைகள் வரிசை வரிசையாய்,
பல்லைப் போல என்று எழுத வருகிறது.
தொழில் புத்தி.
பல் இவ்வளவு ஒழுங்காய் இருந்தால்
எனக்குச் சோறு ஏது?

பிளக்கைப் பிடுங்கினாலும்
கெப்பாசிட்டர் மறக்காது.
கையேட்டின் ஓரத்தில் பென்சில் எழுத்து:
இடக்கை பையில் இருக்கட்டும்.
ஒரு கை தொட்டால் விரலோடு போகும்,
இரண்டு கை தொட்டால்
பாதை நெஞ்சுக்குள்.
ஞாயிறு முழுக்க ஒற்றைக்கைக்காரியாய் இருந்தேன்.
காப்பியைக்கூட அப்படியே கலக்கினேன்.

அடுத்துச் செய்தது ராய்ஸுக்குப் பிடிக்கவில்லை.
குளியல் தொட்டியில் இறக்கி
அதைக் குளிப்பாட்டினேன்.
டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பி,
வெதுவெதுப்பாய்த் தண்ணீர்,
பாத்திர சோப்பு இரண்டு சொட்டு,
கிளினிக்கிலிருந்து எடுத்து வந்த குழந்தைகள் பிரஷ்,
அதன் பிடியில் ஒரு டால்ஃபின்.
கதவில் சாய்ந்து நின்றான் அவன்,
மின்சாரச் சாமானை யாராவது, என்று ஆரம்பித்தான்,
முடிக்கவில்லை.
மார்ச்சிலிருந்தே நாங்கள் வாக்கியங்களை முடிப்பதில்லை.
தண்ணீர் டீ நிறத்தில் வழிந்தது.
முகம் தெரியாத அந்த ஆள்
கொஞ்சம் கொஞ்சமாய்
கொலம்பியா ஆற்றுக்குப் போனார்.

ஐந்து நாள் உலர்ந்தது.
ஓவனில் வைக்கவா என்று கேட்டேன்.
அது சால்மனுக்கு, என்றான்.
ஹீட்டருக்குப் பக்கத்தில், மின்விசிறிக்கு எதிரில்,
நீச்சலடித்து வந்த கிழட்டு நாயைப் போல.

உள்சுவரில் ஒரு சின்ன உருளை,
வெள்ளி கலந்த ஈயக் கம்பி சுற்றியது.
தொழிற்சாலையே வைத்து அனுப்பியிருக்கிறது:
இது ஒருநாள் கெடும்,
அன்று திறப்பவளுக்கு வேண்டியிருக்கும்.
விற்கும்போதே இதை ஒப்புக்கொள்ள
என்ன துணிச்சல்.
கல்யாணத்தன்று எங்களுக்கு யாரும்
இப்படி எதுவும் வைத்துத் தரவில்லை.
பாதி தீர்ந்திருந்தது.
எனக்கு முன்னால் வந்தவரின் கை
மூன்று இடங்களில் தெரிந்தது,
பொட்டு கொஞ்சம் பெரிசு, அவசரம்.
நான் நாலு அங்குலம் எடுத்தேன்.
வயிறு உப்பிய ஒரு கெப்பாசிட்டர்,
மதிப்பு தவறிப்போன இரண்டு ரெசிஸ்டர்.
அவ்வளவுதான் நோய்.
அதற்கா இத்தனை வருடம் கொட்டகையில்?

வியாழன் இரவு ஸ்விட்சைப் போட்டேன்.
வால்வுகள் ஒவ்வொன்றாய்ச் சிவந்தன.
தூசி காயும் வாசனை.
திரை இருட்டு.
குமிழைத் திருகினேன், திருகினேன்,
எங்கோ வெளியே அலைந்த கோடு
மேலிருந்து நழுவி வந்து
நடுவில் நின்றது.
பச்சை.

அளக்க என்னிடம் ஒன்றுமில்லை.
யோசித்திருக்கவே இல்லை அதை.
சும்மா புரோபின் முனையில் விரலை வைத்தேன்.
கோடு எழுந்து நெளிந்தது,
மேடு பள்ளம் மேடு பள்ளம்,
சுவருக்குள் ஓடும் கம்பிகளின் முனகல்
என் உடம்பு வழியாக.
கையை எடுத்தால் படுத்துக்கொண்டது.

என்ன அது, என்றான் ராய்ஸ், பின்னாலிருந்து.
வீடு, என்றேன்.
விரலை நீட்டினான்.
இடக்கை, என்றேன், பழக்கத்தில்.
இந்த முனையில் ஆபத்தேதும் இல்லை,
அவனுக்கு அது தெரியாது,
நான் சொல்லவும் இல்லை.
இடக்கையைப் பையில் போட்டுக்கொண்டு
மிக மெதுவாய்த் தொட்டான்.
அவனுடைய அலை என்னுடையதைவிடக் கொஞ்சம் உயரம்.
ரொம்ப நேரம் எடுக்காமலே நின்றான்.

இடப்பக்க மேட்டில் ஒரு சிறு கோணல் இருக்கிறது.
சனிக்கிழமை பார்க்கவேண்டும்.
உருளையில் கம்பி மிச்சம் உண்டு.