ரயில் எண்ணும் கருவி

வெள்ளவத்தையில் ஒழுங்கைகள் எல்லாம்
கடலில்தான் போய் முடியும்.
என் மேசையும் அப்படித்தான்.
எதைத் தொடங்கினாலும் கடைசியில் உப்பு.

போன மாசியில் ஈயம் பற்றவைத்த இடமெல்லாம்
பச்சை பூத்திருக்கிறது.
தேய்ந்த பல்துலக்கியால் சுரண்டுகிறேன்,
மீனுக்குச் செதில் எடுப்பதுபோல,
வாலிலிருந்து தலைக்கு.

ஜன்னல் கம்பியில் கட்டிய சின்னக் கருவி
ரயில்களை எண்ணுகிறது.
கம்பி அதிர்ந்தால் திரையில் ஒரு கோடு.
யாரும் கேட்கவில்லை,
ரயில்வே திணைக்களம் நிச்சயமாகக் கேட்கவில்லை.
பாணந்துறையிலிருந்து வரும் காலை ரயில்
சராசரி பதினொரு நிமிடம் பிந்துகிறது
என்பது நான் தனியே கண்டுபிடித்த உண்மை.
மேடையில் நிற்கிற முந்நூறு பேருக்கும் அது தெரியும்.
அவர்களிடம் வரைபடம் இல்லை,
அவ்வளவுதான் வித்தியாசம்.

சனிக்கிழமை நூறாம் நம்பர் பஸ்ஸில்
கோட்டைக்குப் போய், நடந்து,
முதலாம் குறுக்குத் தெரு.
நிஸ்தார் நானா ரெசிஸ்டர்களைப்
பழைய பில்லில் மடித்துத் தருவார்,
ஏலக்காய் மடிக்கிற மாதிரி.
பத்துக் கேட்டால் பதினொன்று வைப்பார்.
'ஒண்டு எப்படியும் பொகையும்' என்பார்.
என்னைப் பற்றி இவ்வளவு சரியாக
வேறெவரும் கணித்ததில்லை.

அலுவலகத்தில் நான்
வங்கிக்காரருக்கு நிரல் எழுதுகிறவன்.
அங்கே எதுவும் புகையாது.
பிழை வந்தால் கூட்டம் வைப்பார்கள்.

வீட்டில்,
தயிர்ச் சட்டிகளில் கொச்சிக்காய்
(ஏழில் ஐந்து காய்த்தது, இரண்டு எனக்குக் கோபம்),
லென்ஸுக்குள் பூஞ்சணம் படர்ந்த ஒரு ஃபிலிம் கமரா,
அதில் எடுத்தால் காலிமுகத்திடல் முழுக்க மழை,
வெயில் எரிக்கிற நாளிலும்.
மௌத்ஓர்கன் ஒன்று. ஒரு பாட்டின் முதல் பாதி தெரியும்.
ஒன்றில் நில்லேன் என்கிறான் அகிலேசன்.
நிற்கிறேன்தான்,
ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம்.

அன்றைக்குக் கீழ்மாடி ருமைஸா
கதவைத் தட்டினா.
மூன்று மாதக் கைக்குழந்தை தோளில்,
கண்ணுக்குக் கீழே இரவுகள்.
'நீங்க கோச்சி எண்ணுறதாமே?
கோச்சி வராத நேரம் எதுண்டு
கொஞ்சம் சொல்லேலுமா?
புள்ள ஒறங்கோணும்.'

எட்டு மாதம் எண்ணியிருக்கிறேன்.
கோடுகளைத்தான் பார்த்தேன்.
கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில்
வெள்ளையாக ஒன்று கிடந்ததை
ஒரு நாளும் கணக்கில் எடுக்கவில்லை.

அன்றிரவு நிரலைக் கவிழ்த்துப் போட்டேன்.
பதினெட்டு வரி. ஒரு பிளேன்டீ ஆறுகிற நேரம்.
மிக நீளமான அமைதி,
பகல் ஒன்று இருபதிலிருந்து இரண்டு பத்து வரை.
அடுத்தது சின்னது, நம்ப வேண்டாம்.
கொச்சிக்காய்ப் பையோடு
கடதாசியில் எழுதிக் கொடுத்தேன்.

முதல் நாள் வீட்டிலிருந்து வேலை.
ஒன்று இருபது. கடல் மட்டும்.
ஒன்று முப்பது. காகம்,
அதைக் கருவி கணக்கெடுக்காது.
வங்கிக்காரர் கூட்டத்தில்
என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்,
நான் மைக்கை அணைத்துவிட்டு
தரைக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று நாற்பத்தேழுக்கு
அட்டவணையில் இல்லாத எஞ்சின் ஒன்று,
பெட்டியில்லாமல், தன்பாட்டில்,
ஊதிக்கொண்டு போனது.

கம்பி அதிர்ந்தது.
கோடு விழுந்தது.
கீழே குழந்தை.

பிறகு ருமைஸாவின் குரல்,
ஜன்னல் வழியாக மேலே,
கோபமா சிரிப்பா என்று விளங்கவில்லை:
'இருவத்தேழு நிமிசம்!
இண்டு வரைக்கும் அதுதான் கூட!'

எழுதி வைத்தேன்.