பதினொரு மாத ஒப்பந்தம்

பத்து ரூபாய்ச் சீட்டு. கேமராவுக்குத் தனி.
கேமரா இல்லை என்றேன்.
அப்ப கையில இருக்கிறது இன்னா, வெத்தலப்பெட்டியா
என்றார் காவலர் தேசிங்கு.

கம்பிவேலிக்குள் தாளிப்பனை.
ஆயுளில் ஒருமுறை பூக்கும், பிறகு சாகும்
என்றது பலகை.
'சாகும்' மேல் காக்கை எச்சம்.
தானே புயலில் பக்கத்து வேம்பெல்லாம் படுத்துவிட
இது நாலு ஓலையை மட்டும் கொடுத்துவிட்டு நின்றதாம்.
இன்று காற்றே இல்லை.
பூத்து முடித்து, காய்த்து முடித்து,
மட்டைகள் ஒவ்வொன்றாய் முறிந்து தொங்க
மழை விட்டபின்னும் யாரும் மடக்காத குடை.

உச்சியிலிருந்து விழுந்தது ஒன்று.
இன்னொன்று, தகரக் கூரைமேல்.
ஆறு மாசமா இந்தச் சத்தம்தான்,
ராத்திரி யாரோ கதவத் தட்டுற மாதிரி.
முதல் வாரம் எழுந்துபோய்த் திறந்தும் பார்த்தாராம்.

ஆளுக்கு ஒரு விதை இலவசம்,
படிவம் நிரப்ப வேண்டும்.
பெயர்: ரொசாலி அமலதாசன்.
வயது: ஐம்பத்து மூன்று.
நடும் இடம்:

பேனா அங்கே நின்றது.
லாஸ்பேட்டையில் மூன்றாம் மாடி.
கீழே முழுக்க டைல்ஸ், ஆறு ஸ்கூட்டர், தண்ணீர் மோட்டார்.
பதினொரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்தம்,
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது ஏழாவது ஷரத்து.
மரம் பற்றி ஒன்றும் இல்லை.
லாஸ்பேட்டை என்று மட்டும் எழுதினேன்.

அடுத்த கட்டம்: பூக்கும்வரை பராமரிப்பவர்.
சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
எல்லாரும் அங்க பசங்க பேரு எழுதுவாங்க.
எனக்கு இல்லை என்றேன்.
எனக்குந்தான் என்று பேனாவை வாங்கி
தன் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டார்,
ஓய்வுபெற நாலு மாதமே இருந்தவர்.

கோலிக்குண்டைவிடப் பெரிது, எலுமிச்சையைவிடச் சிறிது.
பால்கனியில், பிடி உடைந்த குக்கரில், மண்ணுக்குள்.
தண்ணீர் ஊற்றுவேன், ஒன்றும் வராது, ஊற்றுவேன்.
தேசிங்கு இந்நேரம் ஓய்வுபெற்றிருப்பார்.
நேற்று விரலால் தோண்டினேன்:
வெள்ளையாய் ஏதோ கீழே இறங்கிக்கொண்டிருந்தது,
மேலே வரும் எண்ணமே இல்லாமல்,
மூன்று மாடியும் தாண்டித் தரை கிடைக்கும் என்பதுபோல.

ஒப்பந்தம் புதுப்பிக்க ஓனர் வந்திருந்தார்.
வீட்டில் எத்தனை பேர், அப்படியேதானே?
ஒருத்திதான் என்றேன்,
கொஞ்சம் யோசித்து.