பொதுச்சுவர்

எங்களுக்கு முன் இங்கே இருந்தவன்
அறைக்கு அறை டிவி வைத்திருக்கிறான்.
குளியலறையில்கூட, துண்டு போடும் கம்பிக்குக் கீழே,
கேபிள் முனை ஒன்று
மரையோடு நீட்டிக்கொண்டிருக்கிறது.
எந்தத் தொடரின் எந்த அழுகையைத்
தொட்டியில் கிடந்தபடி பார்த்தானோ.

ஸ்க்ரான்டனில், நடுவே பிளந்த வீடு இது.
இடப்பாதி எங்களுடையது.
வலப்பாதியில் நெஸ்டர் ஹுடாக்.
போன பிப்ரவரியில்
பனியை யார் பக்கம் தள்ளுவது என்று
பேச்சு முற்றி,
பிறகு பேச்சே நின்றது.

லெஷெக்குக்குக் கிடங்கில் இரவு ஷிஃப்ட்.
பகலெல்லாம் தூக்கம்.
சுவரில் துளை போட்டால் எழுந்துவிடுவான்.
எனக்குப் பரண் அறையில் வேலை:
அடிபட்ட கார்களின் படம் பார்த்து
இழப்பீடு எழுதுவது.
வைஃபை மாடியேறி வருவதற்குள் மூச்சு வாங்கி
பாதி பம்பரோடு நின்றுவிடும்.

சரி, சுவருக்குள் சும்மா கிடக்கும் கம்பியே போதும் என்று
இரண்டு அடாப்டர் வாங்கினேன்.

நிலவறையில், ஒரு காலத்தில் நிலக்கரி கொட்டிய மூலையில்,
கம்பெனிக்காரன் தந்த பெட்டியை
வெறும் மோடமாக இரு என்று அடக்கினேன்.
வழி சொல்லும் வேலை இனி என் ரவுட்டருக்கு.
ஒரு வீட்டில் இரண்டு பேர் வழி சொன்னால்
என்ன ஆகும் என்று தெரியும்.
லெஷெக்கின் அக்கா எங்களோடு ஆறு வாரம் தங்கினாள்.

ரவுட்டரிலிருந்து ஈதர்நெட், அடாப்டருக்கு.
அங்கிருந்து கேபிள், ஸ்ப்ளிட்டருக்கு.
பரணில் இன்னொரு அடாப்டர்.
விளக்கு எரியவில்லை.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தால்
துருவேறிய ஸ்ப்ளிட்டரின் முதுகில்
தொள்ளாயிரம் மெகாஹெர்ட்ஸ் வரை என்று இருக்கிறது.
நான் அனுப்புவதோ ஆயிரத்து நூறுக்கும் மேலே.
குட்டை வாசல், நெட்டை ஆள்.
ஒன்பது டாலருக்குப் புதிது வாங்கி மாட்டினேன்.
பச்சை.

இணைந்திருப்பவை எத்தனை என்று திறந்து பார்த்தேன்.
மூன்று.

நான் வாங்கியது இரண்டு.

கம்பத்திலிருந்து ஒரே கம்பிதான் இறங்கி
வெளிச்சுவரில் இரண்டாகப் பிரிகிறது.
நெஸ்டரின் பெட்டி, அவனுக்கே தெரியாமல்,
என் பரணோடு பேசிக்கொண்டிருந்தது.
நல்ல வேகம். தடங்கல் இல்லை.
எங்கள் சண்டையை யாரும் அதற்குச் சொல்லவில்லை போல.

இதற்கென்றே ஒரு ஃபில்டர் இருக்கிறது,
சுண்டுவிரலின் ஒரு கணு அளவு.
கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் திருகினால்
வர வேண்டியது வரும்,
நாம் பேசுவது வெளியே போகாது.
எல்லோரும் செய்வதுதான், செய்ய வேண்டியதும்தான்.
ஆனாலும் நிலவறைப் படியில் உட்கார்ந்து
காபி ஆறும்வரை
அந்த மூன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுவருக்கு அப்பால் அவன் இருமினான்.
நாற்காலியை இழுத்தான்.
இதெல்லாம் எந்தக் கேபிளும் இல்லாமலே
வந்துகொண்டுதான் இருந்தது.

திருகினேன். அரைச் சுற்று, இன்னும் கால் சுற்று.
மூன்று இரண்டாயிற்று.

மிச்ச முனைகளுக்கு எழுபத்தைந்து ஓம் மூடி போட்டேன்.
திறந்து விட்டால்
போன சொல்லே திரும்பி வந்து மோதுமாம்.
குளியலறைக்கும் ஒன்று.
மேலே போய் உட்கார்ந்தேன்;
நசுங்கிய சிவப்புக் கார் ஒன்று
முழு பம்பரோடு வந்து நின்றது.

ஃபில்டரை ஜோடியாகத்தான் விற்கிறார்கள்.
இன்னொன்று சட்டைப் பையில் கிடக்கிறது.
என்ன சொல்லிக் கொடுப்பது?
உன் வீடு என்னோடு பேசுகிறது,
நிறுத்திக்கொள் என்றா?

வெளியே பனி விழத் தொடங்கிவிட்டது,
இரண்டு பக்கமும்.