அழுத்தமானி

நான் தீயைப் பார்ப்பதில்லை.
தீக்கு முதுகு காட்டி நிற்பது
எனக்கு ஒதுக்கிய வேலை.
கண்ணுக்கு நேரே, வண்டியின் விலாவில்,
உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டம்.
அதற்குள் ஒரு முள்.
முள் ஏழில் நின்றால்
மேலே மூன்று பேருக்கு முன்னால்
தண்ணீர் இருக்கிறது என்று பொருள்.

லிமாவில் மழை பெய்யாது.
பனிமூட்டம் வரும், சட்டையை ஈரமாக்கும்,
மழையென்று ஏமாற்றிவிட்டுப் போகும்.
அந்தத் தைரியத்தில்தான்
நாலு மாடிக்கு அனுமதி வாங்கி
இன்னும் இரண்டை ஏற்றியிருந்தார்கள்,
ஒட்டுப்பலகையாலும் அட்டையாலும்.
டிசம்பருக்கு வந்திறங்கிய சரக்கு
கூரையை முட்டிக்கொண்டிருந்தது.

இங்கே தீயணைக்க வருகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது.
அன்செல்மோ பல் மருத்துவர்.
ஒஃபேலியா மாலைப் பள்ளியில் அல்ஜிப்ரா எடுப்பவள்,
சாக்பீஸ் தூள் கையோடு வந்தாள்.
ருஃபீனோ பேருந்து ஓட்டுவான்,
நெரிசலை வசவாலேயே விலக்கத் தெரிந்தவன்.
நான் நில்டா. மருந்துக்கடையில் கணக்கு.

தொட்டித் தண்ணீர் ஆறு நிமிடம்.
வரைபடத்தில் தெருக்குழாய் இருந்தது,
தெருவில் இல்லை.
தார் போட்டவர்கள் புதைத்துவிட்டார்கள் என்று நினைத்தோம்.
முள் ஆறுக்கு இறங்கியது. ஐந்தரை.
சந்தை முழுக்க மூட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன,
மூட்டைகளுக்குக் கீழே கால்கள்.
எங்கள் ஹோஸ் மேல் தள்ளுவண்டிகள் ஏறி இறங்கின.
ஒவ்வொரு சக்கரத்துக்கும்
முள் ஒருமுறை விக்கியது.

பப்பாளி விற்கிற பெண் ஒருத்தி
என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.
"எதைத் தேடுறே, இரும்பு மூடியையா?
பதினோரு வருஷமா
அது மேலதானே உக்காந்திருக்கேன்.
வெயிலுக்குக் குளுகுளுன்னு இருக்கும்."

வண்டியை அவளே கவிழ்த்தாள்.
பழங்கள் சாக்கடைவரை உருண்டன.
கடப்பாரைக்கு மூடி வழிவிட்டது.
முள் நடுங்கியது, யோசித்தது,
ஏழுக்கு வந்தது.
அப்போது நான் அழுததாக ருஃபீனோ சொல்கிறான்.
புகை என்கிறேன்.

பிறகு வாக்கி டாக்கியில் அன்செல்மோ:
"ஐந்தாவது மாடி. குழந்தை அழுகிறது."
இரைச்சல்.
"ஒன்றில்லை. நிறைய."
படி இளகிவிட்டது, இறங்கு என்றார் கமாண்டர்.
"அழுகிறதே" என்றான்.
மறுபடி இறங்கு என்றார்.

நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவன் முனையைத் திறந்தால் தாழும்,
மூடினால் உயரும்.
அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.
தாழ்ந்தது.
தாழ்ந்தே இருந்தது.

பொம்மைகள்.
பெட்டிக்கு நாற்பத்தெட்டு,
வயிற்றில் பாட்டரி, சாய்த்தால் அழும் வகை.
பெட்டிகள் எரிந்து சரியச் சரிய
எல்லாம் ஒரே குரலில் அம்மாவைக் கூப்பிட்டன.
பொம்மை என்று தெரிந்த பிறகும்
அடுத்த பெட்டியைக் கிழித்தான், அதற்கடுத்ததையும்.
அத்தனையும் பொம்மைதான் என்று
அந்தப் புகையில் யார் சொல்ல முடியும்?
பின் ஒவ்வொன்றாக அழுகை நின்றது.
ஒஃபேலியா அவன் பெல்ட்டைப் பற்றி
இழுத்துக்கொண்டு வந்தாள்.

விடிகிற நேரம் மேல் மாடிகள் இரண்டும்
களைத்தவை போல உட்கார்ந்தன.
கட்டடத்தில் வேலை செய்தவர்கள் அறுபத்து மூன்று பேர்.
பெயர் சொல்லி எண்ணினார்கள், யாரும் குறையவில்லை.
அன்செல்மோ இன்னொரு முறை எண்ணச் சொன்னான்.
அதற்குப் பிறகும் இன்னொரு முறை.

பப்பாளிக்காரி கணக்குச் சொன்னாள்:
பதினேழு பழம்.
சில்லறை பொறுக்கிக் கொடுத்தோம்.
எண்ணிப் பார்த்து
ஒரு காசைத் திருப்பித் தந்தாள்.

வியாழக்கிழமை அன்செல்மோவின் நாற்காலியில்
ஐந்து வயதுப் பெண் ஒருத்தி
வாய் திறந்து அழுதாளாம்.
கருவியைத் தட்டில் வைத்துவிட்டு
அவள் அழுது முடிக்கும்வரை
கேட்டுக்கொண்டே நின்றானாம்.
அவள் அம்மா
இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தாளாம்.