இரண்டு நிமிடம் நாற்பத்தொரு நொடி

பெனின்சுலாவில் கித்தார் தந்தி வாங்கப் போனவன்
கையிலிருந்த நாற்பது வெள்ளியை
ஒரு ஜப்பானிய இசைத்தட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.
பூன் கியாட் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

உறையின் விளிம்பில் கச்சைபோல் ஒரு காகிதப் பட்டை.
அதில் எனக்கு வாசிக்க முடிந்தது விலை மட்டும்.
அட்டைப்படத்தில் ரயில் நிலையத்தில் யாரோ மறந்துபோன
பதினேழு குடைகள்.
குழுவின் பெயர் கசாபுக்குரோ என்றார் கடைக்காரர்.
ஈரக் குடைக்கு மாட்டும் பிளாஸ்டிக் உறையாம்.
நம் கடைத்தொகுதி வாசல்களிலும் தொங்குகிறது,
அதற்கொரு பெயர் இருக்குமென்று
நான் நினைத்ததே இல்லை.

அங்கே நாலு லட்சம் விற்றதாம்.
ஆறு வாரம் முதலிடமாம்.
இங்கே ஈசூன் ஒன்பதாம் மாடியில் ஒன்று,
அதைச் சுற்றி நாங்கள் மூன்று பேர்,
ஒரு மின்விசிறி,
ஆறிப்போன பிராட்டா.

ஐந்தாம் பாட்டு முடிந்த பிறகுதான் அது வரும்.
கித்தார் அடங்கி, சிம்பலின் அதிர்வு தேய்ந்து,
எல்லாம் ஓய்ந்ததென்று நினைக்கும்போது
ஒரு நாற்காலி கிறீச்சிடும்.
யாரோ எழப்போய், எழாமல் உட்கார்ந்த சத்தம்.
வெட்டாமல் விட்டிருந்தார்கள்.

இவ்வளவு பெரிய கம்பெனி,
நாற்காலிக்கு எண்ணெய் விட ஆளில்லையா என்று சிரித்தேன்.
இஸ்கந்தர் சிரிக்கவில்லை.
மறுபடி போடு, என்றான்.
பாட்டையா?
நாற்காலியை.

அடுத்த வருடம் தை செங்கில்
நாலு மணி நேரத்துக்கு ஸ்டூடியோ எடுத்தோம்.
எங்களுடையது என்று சொல்ல ஒரே ஒரு பாட்டு.
டிரம்ஸ் சட்டென்று நின்று
பூன் கியாட்டின் குரல் தனியே நடக்கும் இடத்தில்
இஸ்கந்தர் இருமிவிட்டான்.
இன்னொரு முறை வாசிக்க நேரமில்லை.
அன்றிரவே கணினியில் உட்கார்ந்து
அந்த இருமலை நான்தான் எடுத்தேன்.
முள்ளெடுப்பதுபோல், சுற்றிலும் நோகாமல்.
எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பாட்டை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டார்கள்.
அதில் பாதி நாங்கள்.

இப்போது கடைசி ரயில் போன பிறகு
சுரங்கத்தில் இறங்குவது என் வேலை.
தண்டவாளத்தைத் தட்டினால் தூரத்தில் ஒரு கீழ்ஸ்வரம் எழும்.
பேஸ் வாசித்தவனுக்கு அது போதும் என்று
யாராவது கேட்டால் சொல்வேன்.
யாரும் கேட்பதில்லை.

போன மாதம் கசாபுக்குரோ இங்கே வந்தார்கள்.
பதினோரு நிமிடத்தில் டிக்கெட் தீர்ந்தது.
எனக்கு இரவு வேலை.
காப்புறுதி விற்கிற பூன் கியாட் போயிருந்தான்,
நாற்பது நொடி ஒலிப்பதிவு அனுப்பினான்.
ஐந்தாம் பாட்டு முடிகிறது.
ஐயாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.
கிறீச்.
கூரை இடிந்ததுபோல் ஒரு ஆரவாரம்.
அந்த நாற்காலியைக்
கப்பலில் கொண்டுவந்தார்களோ என்னவோ.

விடிந்து வீட்டுக்கு வந்து
எங்கள் பாட்டைத் தேடிப் போட்டேன்,
எத்தனையோ வருடத்துக்குப் பிறகு.
இரண்டு நிமிடம் நாற்பத்தொரு நொடி.
அங்கே ஒன்றுமில்லை.
மற்ற இடங்களில் அமைதிக்கு அடியில்
ஏர்கான் முனகுகிறது, ஒரு செருப்பு தேய்கிறது.
இந்த ஒரு இடம் மட்டும்
கழுவித் துடைத்த ஆஸ்பத்திரித் தரைபோல.
தெரிந்தவன் காதுக்கு
இருமலைவிடச் சத்தமாக இருந்தது.

இஸ்கந்தர் இப்போது ஜொகூரில்,
தினமும் பாலம் கடந்து வேலைக்கு வருகிறான்.
அந்த நொடியை மட்டும் வெட்டி அவனுக்கு அனுப்பினேன்,
விளக்கம் எதுவும் எழுதாமல்.
இரண்டு நீலக் கோடு.
வெகுநேரம் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தான்.

"அன்றைக்கு எனக்கு முப்பத்தொன்பது டிகிரி காய்ச்சல்.
நீ கவனிக்கவே இல்லை என்றுதான்
இத்தனை நாள் நினைத்திருந்தேன்."

அப்புறம் இன்னொன்று:
"சரி, இங்கே உட்லண்ட்ஸில் நெரிசல். பிறகு பேசு."